ஸ்கூல் பசங்களே நடத்தின 24 மணி நேர ஹேக்கத்தான் - மென்டரா போய்ட்டு வந்து எழுதற ரிவ்யூ

முதல்லயே தீர்ப்ப சொல்லிடறேன், நீளமா படிக்க பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிக்கலாம். (ஹேக்கத்தான்னா டீம் டீமா உக்காந்து குறிச்ச நேரத்துக்குள்ள ஒரு ஆப்போ கருவியோ செஞ்சு காட்டற போட்டி, மென்டர்னா அங்க மாட்டிக்கிட்டு முழிக்கற டீமுக்கு உதவற ஆள்.) கோடிங் இப்பத்தான் ஆரம்பிச்ச ஒன்பதாவது பத்தாவது படிக்கற புள்ளைங்க வீட்ல இருந்தா தாராளமா அனுப்புங்க. ஏற்கனவே நாலஞ்சு இடத்துல ஜெயிச்சுட்டு இன்னொரு கப்புக்காக போறவங்கன்னா இந்த ஈவென்ட்டோட ஜட்ஜிங் உங்கள கடுப்பேத்தும். ஈவென்ட் பேர வேணும்னேதான் போடல, நடத்தினது பதினாறு பதினேழு வயசு பசங்க, நாளைக்கு யாராவது அந்த பேர தேடினா நான் திட்டினது முதல்ல வந்து நிக்க வேணாம்.

ஃபார்மேட் வழக்கமானதுதான். சனிக்கிழமை காலைல செக்-இன், மதியம் ஹேக்கிங் ஸ்டார்ட், மறுநாள் மதியம் சப்மிஷன், அப்பறம் டெமோ, பரிசு. டீமுக்கு அதிகபட்சம் நாலு பேர், ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் யார் வேணா வரலாம், என்ட்ரி ஃப்ரீ. காலேஜ் லெவல்ல மாணவர்களே ஹேக்கத்தான் நடத்தற பழக்கம் 2009ல அமெரிக்காவோட பென்சில்வேனியா யுனிவர்சிட்டி மாணவர்கள் நடத்தின பென்ஆப்ஸ்ல ஆரம்பிச்சு சூடு பிடிச்சுது, கொஞ்ச வருஷத்துலயே அது ஸ்கூல் வரைக்கும் இறங்கிடுச்சு. அதனால எப்படி நடத்தணும்னு ஒரு அச்சு ஏற்கனவே இருக்கு, இந்த பசங்களும் அதத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஆனா அந்த அச்ச மீறி இவங்களா யோசிச்சு செஞ்ச எடமெல்லாம் பிரமாதமா இருந்துச்சு, பெரியவங்க ஈவென்ட் மாதிரி காட்டணும்னு ஆசப்பட்ட எடமெல்லாம் சொதப்பிடுச்சு. இந்த ரிவ்யூல நான் சொல்ல வர்றதே அதத்தான்.

பிகினர் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நான் அசந்துபோனது அங்கதான். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல "என்ன லேப்டாப் கொண்டு வர்றீங்க, அதுல புதுசா சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ண பெர்மிஷன் இருக்கா"ன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. கம்பெனிங்க நடத்தற ஹேக்கத்தான்ல கூட நான் இந்த கேள்விய பார்த்ததில்ல. ஸ்கூல்ல குடுத்த குரோம்புக் லேப்டாப்போட வர்ற பசங்ககிட்ட அட்மின் பாஸ்வேர்டு இருக்காது, பைத்தான் போட முடியாது, ஜாவாஸ்கிரிப்ட ஓட்டற நோட் (Node) போட முடியாது, கோட் எழுதற எடிட்டர் கூட போட முடியாது, மத்தவங்க கோட் அடிச்சிட்டு இருக்கப்ப இவங்க எர்ரர் மெசேஜ வெறிச்சு பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க, அப்படியே சாயங்காலம் வரைக்கும் போயிடும், அதுக்கப்பறம் "கோடிங் நமக்கு வராது"ன்னு ஒரு முடிவோட வீட்டுக்கு போவாங்க. இங்க அந்த கேள்விக்கு இல்லன்னு டிக் பண்ணவங்களுக்கு மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே ஒரு மெயில் போயிருக்கு: கோட சேமிச்சு பகிர்ந்துக்கற கிட்ஹப் சைட்ல அக்கவுன்ட் எப்படி திறக்கறது, எதையும் இன்ஸ்டால் பண்ணாம பிரவுசர்லயே கோட் எழுதி ஓட்டற அதோட கோட்ஸ்பேசஸ எப்படி ஆரம்பிக்கறதுன்னு. தனி ஆள் அக்கவுன்ட்டுக்கு மாசம் 120 கோர்-ஹவர் (ஒரு ப்ராசசர் கோர் ஒரு மணி நேரம் ஓடறது) ஃப்ரீ, அதாவது ரெண்டு கோர் மெஷின்னா 60 மணி நேரம், ஒரு வீக்கெண்டுக்கு தாராளமா போதும். பைத்தான்ல ஒண்ணு ஜாவாஸ்கிரிப்ட்ல ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டார்ட்டர் ரெப்போவும் (ஆரம்ப கோட் இருக்கற ஃபோல்டர்) ரெடியா வச்சிருந்தாங்க, ஃபோர்க் பண்ணி, அதாவது நம்ம அக்கவுன்ட்டுக்கு ஒரு காப்பி எடுத்து, ரன் குடுத்தா ஒரு பேஜ் வந்து நிக்கும், அங்கிருந்து நீ மாத்திக்கிட்டே போ.

இத யார் யோசிச்சதுன்னு ஆர்கனைசர் பொண்ணுகிட்ட கேட்டேன். "போன வருஷம் நான் பார்ட்டிசிபன்ட்டா வந்தேண்ணா, பைத்தான் இன்ஸ்டால் பண்றதுக்குள்ளயே சாப்பாட்டு டைம் வந்துடுச்சு"ன்னு சிரிச்சுட்டே சொல்லுச்சு. பெரியவங்க நடத்தினா இது வராது. நமக்கெல்லாம் முதல் தடவ இன்ஸ்டால் பண்ணப்ப என்னென்ன ஒடஞ்சுதுன்னு எப்பவோ மறந்துபோச்சு, இவங்களுக்கு போன வருஷத்து காயம் இன்னும் ஆறல.

ஹார்டுவேர் டேபிளும் அதே மாதிரிதான். அர்டுயினோங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு, சென்சார், சர்வோ மோட்டார் எல்லாம் ஐடி கார்ட வாங்கி வச்சுக்கிட்டு கடன் குடுத்தாங்க. அதுல ஒரு விஷயம் ரொம்ப பிடிச்சுது, யூஎஸ்பி கேபிள்ல ஒவ்வொண்ணுலயும் பச்ச டேப் ஒட்டியிருந்தாங்க. என்னடான்னு கேட்டா, டேட்டா போற கேபிள்தான்னு டெஸ்ட் பண்ணதுக்கு அடையாளமாம். சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள செருகிட்டு போர்டு செத்துப்போச்சுன்னு மணிக்கணக்கா அழுதவங்களுக்குத்தான் இந்த பச்ச டேப்போட அருமை தெரியும். அர்டுயினோ மாதிரியே செஞ்ச குளோன் போர்டுல யூஎஸ்பிக்காக வர்ற சிஎச்340 சிப்புக்கு சில கம்ப்யூட்டர்ல டிரைவர் சாஃப்ட்வேர் தனியா போடணும், அதுக்கு அட்மின் பெர்மிஷன் வேணும், ஸ்கூல் லேப்டாப்ல அது நடக்காது, அதனால ஹார்டுவேர் எடுக்கற டீம்ல ஒருத்தராவது சொந்த லேப்டாப் வச்சிருக்கணும்னு கண்டிஷன் போட்டிருந்தாங்க. நியாயமான கண்டிஷன்.

இப்ப திட்டு. வைஃபை.

நூத்தம்பது பேர் கிட்ட வந்திருந்தாங்க, ஆளுக்கு ஒரு லேப்டாப் ஒரு ஃபோன், முந்நூறு டிவைஸ் ஆச்சா, மென்டர், வாலன்டியர் ஃபோன் எல்லாம் தனி. வென்யூ நெட்வொர்க்கோ சாதாரணமா வர்ற மாதிரி 254 ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல ஒவ்வொரு டிவைஸுக்கும் தர்ற நம்பர்) மட்டும் குடுக்கற செட்டிங்ல இருந்துச்சு. செக்-இன் முடியற வரைக்கும் எல்லாம் ஜோரா ஓடுச்சு, அப்பறம் புதுசா கனெக்ட் பண்றவங்களுக்கு அட்ரஸே கிடைக்கல, சிக்னல் ஃபுல்லா காட்டும் ஆனா நெட் வராது. எல்லாரும் ஸ்பீடு பத்தலன்னு நினைச்சாங்க, ஸ்பீடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, உக்காரத்தான் சீட் இல்ல. இத சரி பண்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, அட்ரஸ் ரேஞ்ச பெருசாக்கி, ஒரு டிவைஸ் ஒரு அட்ரஸ பிடிச்சு வச்சிருக்கற லீஸ் டைம குறைச்சா போதும், ஆனா ரவுட்டர் பாஸ்வேர்டு வச்சிருந்த ஆள் அன்னைக்கு லீவு. ஃபோன் எல்லாத்தையும் வைஃபைல இருந்து கழட்டி விடுங்கன்னு மைக்ல கத்தி கத்தி ஒருவழியா சமாளிச்சாங்க. இன்னொரு கூத்து, எஸ்எஸ்எச்ங்கற பாதுகாப்பான இணைப்பு போற போர்ட் 22 பிளாக் ஆகியிருந்துச்சு, அதனால எஸ்எஸ்எச் வழியா கிட் புஷ் பண்றவங்களுக்கெல்லாம், அதாவது கோட் மாற்றங்கள கணக்கு வச்சுக்கற கிட்ங்கற டூல்ல இருந்து கிட்ஹப்புக்கு ஏத்தறவங்களுக்கெல்லாம், சுத்திக்கிட்டே நின்னுச்சு. வெப்சைட்டுங்க யூஸ் பண்ற எச்டிடிபிஎஸ்க்கு மாறலாம், இல்ல கிட்ஹப் எஸ்எஸ்எச்ச போர்ட் 443 வழியாவும் விடும், அத செட் பண்ணிக்கலாம்னு ஒவ்வொரு டேபிளா போய் சொல்லி எங்களுக்கு தொண்ட கட்டிடுச்சு. அடுத்த தடவ ஒரு நாள் முன்னாடியே ஒரு ஆள் வென்யூக்கு லேப்டாப்போட போய் ஒரு புஷ் பண்ணி பார்த்துட்டு வந்தாலே பாதி பிரச்சன தீரும்.

ஹெல்ப் க்யூ ஐடியா நல்லா இருந்துச்சு. டேபிள்ல க்யூஆர் ஒட்டியிருக்கும், ஸ்கேன் பண்ணி பிரச்சனைய ரெண்டு வரில டைப் பண்ணா டிஸ்கார்டு சாட் ஆப்ல மென்டருங்க எங்களுக்கு டிக்கெட்டா வரும், எடுத்துக்கலாம். கூச்சப்படற பசங்களுக்கு இது வரம், ஏன்னா கைதூக்க வேணாம். வர்ற டிக்கெட்ல முக்காவாசி கிட் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டுதான், அதாவது ஒரே எடத்த ரெண்டு பேர் வேற வேற மாதிரி மாத்தி மோதிக்கறது. நாலு பேரும் பொதுவான மெயின் பிராஞ்ச்லயே நேரா அடிக்கறது, கடைசில ஒருத்தன் இருக்கறத அழிச்சுட்டு தன்னோடத ஏத்தற ஃபோர்ஸ் புஷ் குடுத்து மத்தவங்க மூணு மணி நேர வேலைய காணாம அடிக்கறது. அவன திட்டியும் பிரயோஜனம் இல்ல, யாரும் அவனுக்கு சொல்லிக்குடுக்கல. கிட் ஒர்க்‌ஷாப் இருந்துச்சுதான், ஆனா அத டீம் ஃபார்மேஷன் நடக்கற அதே நேரத்துல போட்டிருந்தாங்க. டீம் இல்லாத பையன் டீம் தேடுவானா, கிட் கத்துக்குவானா? கிட் தேவப்படறதே டீமா சேர்ந்து எழுதப்போறவங்களுக்குத்தான், அவங்க எல்லாம் அந்த நேரத்துல வெளிய டீம் தேடிட்டு இருந்தாங்க, ரூமுக்குள்ள ஏற்கனவே கிட் தெரிஞ்ச ஏழெட்டு பேர் உக்காந்திருந்தாங்க.

பாதுகாப்பு விஷயத்துல குறையே சொல்ல முடியாது, பேரன்ட்ஸுக்காக சொல்றேன். பெத்தவங்க கையெழுத்து போட்ட கன்சென்ட் ஃபார்ம் இல்லாம உள்ளயே விடல, போட்டோ எடுக்கறதுக்கு தனி சம்மதம், ராத்திரி முழுக்க பொறுப்பான பெரியவங்க இருந்தாங்க, நடுவுல வெளிய போகணும்னா வீட்ல இருந்து ஃபோன் வந்தாத்தான். தூங்கறதுக்கு பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் தனித்தனி ரூம். ஆனா அந்த ரூம்ல போய் யாரும் தூங்கல, அது வேற கத. ராத்திரி முழுக்க முழிச்சாத்தான் ஹேக்கரு மாதிரி ஒரு பேச்சு ஓடுது, காலைல நாலு மணிக்கு அடிச்ச கோட ஒன்பது மணிக்கு அவங்களே திறந்து பார்த்து இது என்னடான்னு கேக்கறாங்க.

காசு விஷயம் கேட்டதுல ஒரு சுவாரசியம். பதினெட்டு வயசு ஆகாதவங்க பேர்ல பேங்க் அக்கவுன்ட் திறந்து ஸ்பான்சர் பணம் வாங்கறது பெரிய தலவலி, கம்பெனி எந்த பேர்ல செக் எழுதும், யார் ரசீது குடுப்பாங்க? இதுக்குத்தான் ஃபிஸ்கல் ஸ்பான்சர்ங்கற ஏற்பாடு. ஸாக் லாட்டா 2014ல ஆரம்பிச்ச ஹேக் கிளப்ங்கற நான்-ப்ராஃபிட் இத பெரிய அளவுல பண்ணுது, வர்ற பணத்துல 7 சதவீதம் எடுத்துக்கிட்டு, சட்டப்படி அவங்க குடைக்குள்ள இந்த டீன் ஏஜ் பசங்க கணக்கு வச்சுக்கலாம், வேணும்னா வரவு செலவு மொத்தத்தையும் யார் வேணா பார்க்கற மாதிரி திறந்தும் விடலாம். நான் போன ஈவென்ட்ல அதே பாணில செலவு ஷீட்ட பப்ளிக்கா போட்டிருந்தாங்க, ஸ்டிக்கருக்கு எவ்வளவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு எவ்வளவுன்னு வரி வரியா. இத்தன பெரிய ஆளுங்க நடத்தற ஈவென்ட்ல யாருப்பா இப்படி காட்றாங்க?

இவ்வளவு நேர்மையா இருக்கறவங்க பரிசு விஷயத்துல மட்டும் ஏன் கம்பெனிக்காரங்க மாதிரி நடந்துக்கிட்டாங்கன்னு புரியல. போஸ்டர்ல மொத்த பரிசு மதிப்புன்னு கண்ண பறிக்கற ஒரு நம்பர். உள்ள போய் பார்த்தா அதுல முக்காவாசி சாஃப்ட்வேர் சப்ஸ்கிரிப்ஷன், கிளவுட் கிரெடிட், டிஸ்கவுன்ட் கூப்பன், அதுவும் வந்த எல்லாருக்கும் குடுக்கறத தலைக்கணக்கு போட்டு பெருக்கி அந்த நம்பர்ல சேத்திருக்காங்க. இது நிறைய எடத்துல நடக்கற வேலதான், அதுக்காக இவங்களும் பண்ணணுமா? கூடவே ஸ்பான்சர் டிராக் வேற, எங்க ஏபிஐய (வேற ஆப்புங்க ஒரு கம்பெனி சர்வீஸோட பேசற வழி) நல்லா யூஸ் பண்ணவங்களுக்கு தனி பரிசு, எங்க டேட்டாபேஸ யூஸ் பண்ணவங்களுக்கு தனி பரிசு. விளைவு என்னன்னா, ஒரு டீம் அருமையா ஒரு லைப்ரரி புக் டிராக்கர் பண்ணிட்டு இருந்துச்சு, பார்கோட ஸ்கேன் பண்ணா யார்கிட்ட புக் இருக்குன்னு காட்டும், நல்லா ஓடிட்டும் இருந்துச்சு. ராத்திரி பாதில டிராக் லிஸ்ட்ட பார்த்துட்டு அதுல ஒரு சாட்பாட், ஒரு மேப், ஒரு மெசேஜ் ஏபிஐன்னு திணிக்க ஆரம்பிச்சாங்க, காலைல பார்கோடும் ஓடல சாட்பாட்டும் ஓடல. வேணாம்பான்னு சொன்னேன், "அண்ணா நாலு டிராக்ல எலிஜிபிள் ஆகறோம்ணா"ன்னு பதில் வந்துச்சு.

ஏபிஐ பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன். பசங்க ஏபிஐ யூஸ் பண்ண தர்ற ரகசிய கீய அப்படியே கோடுக்குள்ள ஒட்டி பப்ளிக் ரெப்போல ஏத்திடறாங்க. 2024ல இருந்து கிட்ஹப் பப்ளிக் ரெப்போவுக்கெல்லாம் புஷ் புரொடெக்‌ஷன டீஃபால்ட்டா ஆன் பண்ணி வச்சிருக்கு, அதுக்கு தெரிஞ்ச மாதிரி கீ இருந்தா புஷ்ஷையே நிறுத்திடும், ஆனா எல்லா கம்பெனி கீயும் அதுல சிக்காது. ஸ்டார்ட்டர் ரெப்போல கீய தனியா வைக்கற என்வ் ஃபைலும், அத கிட்ஹப்புக்கு ஏத்தாம விடற கிட்இக்னோரும் முன்னாடியே போட்டு வச்சிருந்ததால பிகினர் பசங்க தப்பிச்சாங்க, கீய வெளிய விட்டதெல்லாம் அனுபவசாலி டீமுங்கதான்.

சரி, ஜட்ஜிங். இங்கதான் மொத்தமா கவுந்துச்சு.

எல்லா டீமும் மேடை ஏறி மூணு நிமிஷம் பேசணும், அதுக்கப்பறம் ஒரு நிமிஷம் கேள்வி. ஒரு டீமுக்கு நாலு நிமிஷம்னா நாப்பது டீமுக்கு எவ்வளவு ஆகும்னு நீங்களே கணக்கு போடுங்க, நடுவுல எச்டிஎம்ஐ கேபிள் மாத்தற நேரம் தனி. அவ்வளவு நேரம் இல்லாததால ஜட்ஜுங்கள ரெண்டு ரூமா பிரிச்சாங்க, ஆளுக்கு பத்துக்கு மார்க் போட்டாங்க, ரெண்டு ரூம் மார்க்கையும் ஒண்ணா கொட்டி டாப் மூணு எடுத்தாங்க. ஒரு ரூம்ல இருந்தவரு தாராள மனசு, எல்லாத்துக்கும் எட்டு ஒன்பது, இன்னொரு ரூம்ல ஏழுக்கு மேல யாருக்கும் வரல. ஜெயிச்ச மூணு டீமும் ஒரே ரூம்ல இருந்து வந்துச்சுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

இதுக்கு வழி இல்லாம இல்ல. அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டில ஹேக்எம்ஐடிங்கற ஹேக்கத்தான நடத்தற மாணவர்களே இந்த தொல்லைய பட்டு பட்டு கேவல்னு ஒரு ஓபன் சோர்ஸ் டூல் எழுதி வெளியிட்டிருக்காங்க. அதுல மார்க்கே கிடையாது. டீமெல்லாம் அவங்க டேபிள்லயே உக்காந்திருப்பாங்க, ஜட்ஜ் ஒவ்வொரு டேபிளா போவாரு, இப்ப பார்த்தது நல்லா இருந்துச்சா அதுக்கு முந்தி பார்த்தது நல்லா இருந்துச்சான்னு மட்டும் ஃபோன்ல அழுத்துவாரு, இந்த ஜோடி ஒப்பீட்ட எல்லாம் சேத்து அது வரிசப்படுத்தும். ஒருத்தரோட ஏழும் இன்னொருத்தரோட ஒன்பதும் ஒண்ணாங்கற கேள்வியே வராது. எல்லா ஜட்ஜும் ஒரே நேரத்துல சுத்தறதால சீக்கிரமாவும் முடியும், மேடை பயம் இருக்கற புள்ளையும் பக்கத்துல நிக்கற ஒரு ஆளுக்கு தன் ஸ்கிரீன காட்டி பேசிடும்.

மார்க் ஷீட்டயும் பார்த்தேன், பிரசன்டேஷன், பிசினஸ் பொட்டன்ஷியல், இன்னொவேஷன், டெக்னிக்கல்னு நாலு தலைப்பு, நாலுக்கும் சம மார்க். பதினஞ்சு வயசு புள்ளைகிட்ட பிசினஸ் பொட்டன்ஷியல் கேட்டு என்ன பண்ணப்போறோம்? காலேஜ் ஹேக்கத்தானுங்களுக்கு பெரும்பாலும் வழிகாட்டியா இருக்கற மேஜர் லீக் ஹேக்கிங்கோட பொது விதிகள்ல டெக்னாலஜி, டிசைன், முடிச்சிருக்காங்களா, எவ்வளவு கத்துக்கிட்டாங்க, இந்த நாலுதான் அளவுகோல். கோட் சுத்தமா இருக்கா, எவ்வளவு அழகா பேசறாங்க, ஐடியா எவ்வளவு புதுசு, இதெல்லாம் கணக்குல வராதுன்னு வெளிப்படையாவே எழுதியிருக்காங்க. அந்த விதி யார் வேணா எடுத்து படிக்கற மாதிரி கெடக்கு, அப்படியே எடுத்து போட்டிருந்தா போதும். டிவில வர்ற முதலீட்டு ஷோ மாதிரி இருக்கணும்னு ஆச, அதான் விஷயம். இத்தனைக்கும் ஹேக்கத்தான்ங்கற பேர்ல முதல்ல கூடினவங்க 1999 ஜூன்ல கனடாவோட கால்கரில ஓபன்பிஎஸ்டிங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்த எழுதற ஒரு பத்து டெவலப்பருங்க, அமெரிக்காவோட என்கிரிப்ஷன் (தகவல ரகசியமா பூட்டற முறை) ஏற்றுமதி கட்டுப்பாட்டுல மாட்டாம கோட் எழுதணும்னு அங்க உக்காந்து வேல பார்த்தாங்க, முதலீடு கேக்கற பிட்ச் டெக் ஸ்லைடு போட்டு யாரையும் கவுக்க போகல.

நடந்தது என்னன்னா, முதல் பரிசு வாங்கின டீமோட ஆப்ல பட்டன் மூணு, அதுல ரெண்டு சும்மா படம். மூணாவது அழுத்தினா எந்த போட்டோ குடுத்தாலும் ஒரே பதில் வரும், கோட்லயே எழுதி வச்சிருந்தாங்க. டெமோவுக்காக கொஞ்சம் ஏமாத்தறது எல்லா ஹேக்கத்தான்லயும் உண்டு, நான் ஒண்ணும் உத்தமர் மாதிரி பேசல, ஆனா அத அப்படின்னு சொல்லிட்டு காட்டணும். ஸ்லைடு மட்டும் அவ்வளவு அழகு. அதே நேரம் அந்த பச்ச டேப் கேபிள்ல அர்டுயினோ மாட்டி, செடிக்கு தண்ணி காஞ்சா பஸ்ஸர் அடிக்கற ஒண்ண ரெண்டு ஒன்பதாவது பொண்ணுங்க மொதல்ல இருந்து தானா எழுதி ஓட வச்சாங்க, சென்சார் ரீடிங் குதிக்குதுன்னு பத்து ரீடிங் எடுத்து சராசரி போடணும்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க, நான் சொல்லித்தரல. அவங்களுக்கு பிசினஸ் பொட்டன்ஷியல்ல பத்துக்கு மூணு.

ஏஐ பத்தி கேப்பீங்கன்னு தெரியும். தடை போடல, எங்க யூஸ் பண்ணீங்கன்னு சப்மிஷன்ல எழுதுங்கன்னு சொல்லியிருந்தாங்க, எனக்கு அது சரின்னுதான் படுது, தடை போட்டா மட்டும் யார் கேக்கப்போறா. சிக்கல் அங்க இல்ல. மொத்த ஆப்பையும் ஏஐ எழுதி, அது ஒடஞ்ச உடனே என்கிட்ட டிக்கெட் போடறாங்க, இந்த ஃபைல் என்ன பண்ணுதுன்னு கேட்டா டீம்ல நாலு பேருக்கும் தெரியல, எனக்கும் நானூறு வரிய அங்க உக்காந்து படிக்க நேரம் இல்ல. ஜட்ஜுங்க ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா பிரிஞ்சு வந்திருக்கும்: ஏதாவது ஒரு வரிய காட்டி, இத எடுத்துட்டா என்ன ஆகும்? எழுதினவன் உடனே சொல்லிடுவான், தப்பா சொன்னாலும் யோசிச்சு சொல்லுவான். அந்த கடைசி ஒரு நிமிஷம் முழுக்க "இத எப்படி மார்க்கெட் பண்ணுவீங்க"லயே போச்சு.

இன்னும் சில்லறை விஷயங்கள்: சாப்பாடு நேரத்துக்கு வந்துச்சு. பிளக் பாயின்ட் பத்தல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நீங்களே கொண்டு போங்க. சப்மிஷன் போடற டெவ்போஸ்ட் சைட்ல டிராஃப்ட்டா சேவ் ஆனத சப்மிட் ஆயிடுச்சுன்னு நினைச்சு ரெண்டு டீம் கோட்டை விட்டாங்க, ஆர்கனைசர் பசங்க பத்து நிமிஷம் சேத்து குடுத்து காப்பாத்தினாங்க, நல்ல மனசு. குளோசிங்ல ஸ்பான்சர் பேச்சு ரொம்ப நேரம்.

மார்க் போடணும்னா பிகினர் ஏற்பாட்டுக்கு பத்துக்கு ஒன்பதரை, பாதுகாப்புக்கு ஒன்பது, நெட்டுக்கு நாலு, ஜட்ஜிங்குக்கு ரெண்டு, அந்த ரெண்டும் ஜட்ஜுங்க லீவு நாள்ல வந்து உக்காந்ததுக்காக. முதல் தடவ போற பசங்க சின்னதா ஒண்ணு எடுத்து முழுசா முடிங்க, டிராக் லிஸ்ட் பக்கமே போகாதீங்க. வேலைல இருக்கற டெவலப்பருங்க யாராவது படிச்சா, இந்த மாதிரி ஈவென்ட்டுக்கு ஜட்ஜா கூப்பிட்டா மென்டராவே வர்றேன்னு சொல்லிடுங்க. ஷிஃப்ட் ஃபார்ம்ல ராத்திரி ஒரு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் உள்ள கட்டத்துல ஒரு பேரும் இருக்காது, டிக்கெட் குவியறதும் அந்த நேரத்துலதான், அத டிக் பண்ணுங்க.